ஒரே சுற்று இதழ்... ஓயாத ஆச்சரியம்! உங்களுக்குத் தெரியுமா?

இந்தப் பூவுக்குக் கிட்டத்தட்ட 100 வயது! பெயர் 'கிரிங்கிள்டு ஒயிட்'. பியோனி என்ற பூச்செடியில் ஒரு ரகம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ஃபேரிபோ என்ற சின்ன நகரத்தில், 1928-இல் வெளிவந்தது. இன்றைக்கும் நர்சரிகளில் விற்றுக்கொண்டிருக்கிறது!

இதில் அடுக்கு இதழே கிடையாது. ஒரே சுற்று வெள்ளை இதழ். நடுவில் கொத்தாகத் தங்க நிற மகரந்தத்தாள்கள். அவ்வளவுதான் பூ! அந்த எளிமைக்குத்தான் இத்தனை மவுசு!

கிட்டே போய்ப் பாருங்கள். இதழில் வழவழப்பே இருக்காது. கல்யாண மண்டபத்தில் தோரணம் கட்டுவார்களே, அந்தக் கிரேப் காகிதம் மாதிரி நுனியிலிருந்து அடிவரை மெல்லிய சுருக்கம் ஓடும். சாய்வெயில் பட்டால் ஒவ்வொரு சுருக்கத்திலும் ஒரு நிழல் கோடு. ஒரே வெள்ளைக்குள் எத்தனை வெள்ளை!

பூ விரிந்தால் உங்கள் உள்ளங்கை மறைந்துபோகும்!

செடியின் உயரம் சுமார் 3 அடி. முட்டுக்கொடுக்கக் குச்சி வேண்டாம், கயிறு வேண்டாம். தானாகவே நிமிர்ந்து நிற்கும்!

அடுக்குப் பியோனியின் கதி தெரியுமா? நூற்றுக்கணக்கான இதழ். ஒரு மழை பெய்தால் போதும். தண்ணீரைக் குடித்துக் கனத்து, தண்டு வளைந்து, பூ மண்ணில் முகம் புதைத்துக் கிடக்கும். ஒற்றைப் பியோனி? ஒரு உலுக்கு. தண்ணீர் வழிந்தது. மறுபடி நிமிர்ந்தாயிற்று!

இப்போது சொல்வதைக் கேட்டால் அசந்துபோவீர்கள். உலகத்தில் எங்கே 'கிரிங்கிள்டு ஒயிட்' பூத்தாலும் அது ஒரே செடிதான்! ஆமாம், ஒரே ஒரு செடி! ஏதோ ஒரு விதையிலிருந்து முளைத்த முதல் செடியின் கிழங்கை வெட்டினார்கள். துண்டை நட்டு வளர்த்தார்கள். அதையும் வெட்டினார்கள். வெட்டி வெட்டியே கண்டம் கடந்தது. எந்தத் தோட்டத்தில் நின்றாலும் அது அந்த முதல் செடியின் உடம்பில் ஒரு துண்டு!

விதை போட்டு வளர்க்கலாமே என்கிறீர்களா? வளர்க்கலாம். ஆனால் வருவது 'கிரிங்கிள்டு ஒயிட்' ஆக இருக்காது. ஒவ்வொரு விதையும் ஒரு புதுப் பூ!

அந்த விதை முளைக்கும் கூத்து தனி. முதலில் வெதுவெதுப்பு வேண்டும், வேர் விடும். பிறகு ஒரு முழுக் குளிர்காலம் வேண்டும், அப்போதுதான் குருத்து வரும். மண்ணுக்கு மேலே தலைகாட்டவே பெரும்பாலும் 2 வருடம்! முதல் பூவைப் பார்க்க இன்னும் 3, 4 வருடம்!

இத்தனை வருடம் காத்திருந்து, பூ பிடிக்கவில்லை என்றால் பிடுங்கிப் போட வேண்டியதுதான். ஏ.பி. சாண்டர்ஸ் என்று ஒரு வேதியியல் பேராசிரியர். நியூயார்க் மாநிலத்து ஹாமில்டன் கல்லூரியில் பாடம் நடத்தினார். மீதி நேரத்தில் பியோனி ரகங்களை இணைசேர்த்தார். அவர் வளர்த்த கலப்பு நாற்றுகள் 17,000-க்கும் மேல்! பெயர் சூட்டத் தகுதியானவை என்று அவர் தேர்ந்தெடுத்தவை சில நூறைத் தாண்டவில்லை!

கிழங்கு வெட்டுவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. இலை காயத் தொடங்கும் நேரம் பார்த்து, செடியை மண்ணோடு பெயர்ப்பார்கள். தண்ணீர் பீய்ச்சிச் சேறு போகக் கழுவுவார்கள். விரல் விரலாகப் பின்னிக் கிடக்கும் கிழங்குகளுக்கு மேலே இளஞ்சிவப்பாகக் குத்திக்கொண்டு நிற்கும் மொட்டுகளுக்குப் பெயர் 'கண்'. அவற்றை எண்ணிப் பார்த்துத்தான் கத்தி வைப்பார்கள். துண்டுக்கு 3 முதல் 5 கண்!

நடும்போது ஆழம்தான் உயிர். கண்ணுக்கு மேலே மண் 5 செ.மீ. போதும். அதைவிட ஆழமாகப் புதைத்தால் வருடா வருடம் இலை தளதளவென்று வரும். பூ மட்டும் வராது! பியோனி பூக்கவில்லை என்றால் தோட்டக்காரர்கள் முதலில் சந்தேகப்படுவது ஆழத்தைத்தான்.

குளிர் இல்லாவிட்டால் பூ இல்லை! 0 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் 500 முதல் 1,000 மணி நேரம் இந்தக் கிழங்கு கிடந்தாக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுதாக 21 முதல் 42 நாட்கள்! நம் சமவெளியில் பியோனியைப் பார்க்க முடியாத ரகசியம் இதுதான்.

மைனஸ் 35 டிகிரி குளிரையும் தாங்கும்! பனிக்காலத்தில் தரைக்கு மேலே ஒரு துரும்பு இருக்காது. செடி செத்துவிட்டது என்று நினைப்பீர்கள். வசந்தம் வந்ததும் மண்ணைப் பிளந்துகொண்டு குருத்துகள் வெளிவரும். அதுவும் பச்சையாக அல்ல, சிவப்பாக!

ஆயுள்? 50 வருடம் சர்வ சாதாரணம். 100 தொட்டவையும் உண்டு! ஆள் போய், வீடு இடிந்து, வேலி மறைந்த பழைய பண்ணைகளில் பியோனி மட்டும் வருடம் தவறாமல் பூத்துக்கொண்டிருக்கும். நட்டவரின் பேரப்பிள்ளைகளே தாத்தா ஆகியிருப்பார்கள்!

மானும் முயலும் தோட்டத்தையே மேய்ந்துவிட்டுப் போகும். பியோனியைப் பெரும்பாலும் தொடாது!

'கிரிங்கிள்டு ஒயிட்' தந்தவர் ஏ.எம். பிராண்ட். அவருடைய அப்பா ஓ.எஃப். பிராண்ட் தொடங்கிய நர்சரி அது. அந்தக் குடும்பத்தால் ஃபேரிபோ நகரம் தன்னை 'உலகின் பியோனி தலைநகரம்' என்றே அழைத்துக்கொண்டது!

கவிஞர் லாங்ஃபெலோ பெயரிலும் ஒரு சிவப்புப் பியோனி உண்டு. அதுவும் பிராண்ட் வீட்டுப் பூதான். வெளிவந்த வருடம் 1907. கவிஞர் பிறந்து சரியாக 100-ஆவது ஆண்டு!

'மேரி பிராண்ட்', 'ஹன்சினா பிராண்ட்', 'மிஸஸ் ஏ.எம். பிராண்ட்'... எல்லாம் பூக்களின் பெயர்கள்! குடும்பமே தோட்டத்தில் பூத்து நின்றது!

ஒரு காலத்தில் ஒரே பியோனியை ஆளுக்கொரு பெயர் வைத்து விற்றார்கள். வேறு வேறு பியோனிகளை ஒரே பெயரில் விற்றவர்களும் உண்டு. குழப்பமோ குழப்பம்! அதைத் தீர்க்கவே 1903-இல் அமெரிக்கப் பியோனி சங்கம் பிறந்தது. கார்னெல் பல்கலைக்கழக நிலத்தில் செடிகளை வரிசையாக நட்டு, பூத்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பெயரைச் சரிபார்த்தார்கள்!

பரிசுகள் அடுக்குப் பூக்களுக்கே போய்க்கொண்டிருந்த காலம் உண்டு. இந்தச் சங்கதி எனக்கு ரொம்பப் பிடித்தது. 'ஸீ ஷெல்' என்று ஓர் இளஞ்சிவப்பு ஒற்றைப் பியோனி. நெப்ராஸ்காவில் விவசாயம் பார்த்த ஸாஸ் குடும்பத்தார் 1937-இல் வெளியிட்டது. சங்கத்தின் தங்கப் பதக்கம் அதற்குக் கிடைத்தது 1990-இல். காத்திருந்தது 53 வருடம்!

அடுக்குப் பூவில் அத்தனை இதழ் எங்கிருந்து வந்தது தெரியுமா? மகரந்தத்தாள்கள்தான் இதழாக மாறிவிட்டன! மகரந்தத்தைப் பறிகொடுத்துப் பெற்ற அழகு அது.

ஆகவே தேனீ யாரைத் தேடும்? ஒற்றைப் பூவைத்தான்! கதவே கிடையாது. நேராக உள்ளே இறங்கி, பின்னங்கால் இரண்டிலும் மஞ்சள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும்!

பியோனி மொட்டில் எறும்பு மொய்க்கும். எறும்பு நக்கினால்தான் மொட்டு விரியும் என்று அமெரிக்காவில் பாட்டிமார் சத்தியம் செய்வார்கள். உண்மை அதுவல்ல! மொட்டைப் பொதிந்திருக்கும் பச்சை இதழ்களின் ஓரத்தில் தேன் துளி சுரக்கிறது. எறும்புக்கு அது விருந்து. விருந்துக்கு வந்த எறும்பு மற்ற பூச்சிகளை விரட்டிவிடும். சம்பளம் வாங்கும் காவல்காரர்!

பல ஒற்றைப் பியோனிகள் சாயங்காலம் இதழை மூடிக்கொள்ளும். காலையில் மறுபடி கடை திறக்கும்!

பூவை வெட்டுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. மலர்ந்த பிறகு வெட்டினால் தாமதம். நிறம் எட்டிப் பார்த்து, மொட்டு விரலுக்கு லேசாக இளகும் சமயத்தில் வெட்ட வேண்டும். தண்ணீரே இல்லாமல் காகிதத்தில் சுருட்டிக் குளிர்பெட்டியில் படுக்க வைக்கலாம். வாரங்கள் கழித்து எடுத்துத் தண்ணீரில் நிறுத்தினால் விரியும்!

பெரும்பாலான இடங்களில் மே, ஜூனிலேயே பியோனி தீர்ந்துபோகும். அலாஸ்காவில் ஜூலை, ஆகஸ்டில் பூக்கும்! மற்ற இடங்களில் பூ அரிதாகிவிடும் அந்த நேரத்தில் அலாஸ்கா விவசாயிக்குக் கொண்டாட்டம். பனிப் பிரதேசத்தில் பூ ஏற்றுமதி!

1957-இல் இண்டியானா மாநிலம் தன் மாநிலப் பூவையே மாற்றியது. ஸின்னியா போயிற்று. பியோனி வந்தது!

பழைய ரகங்களை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நிக்கல்ஸ் தாவரத் தோட்டத்துக்குப் போங்கள். மருந்து கம்பெனி நிறுவனர் அப்ஜான் 1922-இல் கொடுத்த செடிகளோடு தொடங்கியது. 27 பாத்திகள். உச்சக்கட்டத்தில் ஒரே சமயத்தில் 10,000 பூக்கள் வரை!

சரி, அமெரிக்கா போதும். ஜப்பானுக்கு வாருங்கள். குமாமோட்டோ நகரத்தில் சாமுராய் வீரர்கள் பூ வளர்த்தார்கள்! கத்தி பிடித்த கை பாத்தி கட்டியது! ஹோசோகாவா பிரபுக்களின் ஆட்சியில் அவர்கள் வளர்த்தெடுத்த பூக்கள் 6. கமேலியா, ஐரிஸ், செவ்வந்தி, காலை மலரும் கொடிப்பூ, சஸாங்க்கா, அப்புறம் நம் பியோனி. ஆறுக்கும் ஒரே விதி. ஒற்றை இதழ்தான் இருக்க வேண்டும். நடுவில் மகரந்தத்தாள்கள் எடுப்பாக நிற்க வேண்டும். ஆறும் ஒற்றை! அடுக்குக்கு அனுமதியே இல்லை!

இன்றும் குமாமோட்டோ கோட்டையில் அந்த ஆறு பூக்களுக்கென்றே ஒரு தோட்டம் இருக்கிறது.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவே பிரிஸ்டல் கால்வாயில் ஒரு குட்டித் தீவு. பெயர் ஸ்டீப் ஹோம். பரப்பு சுமார் 50 ஏக்கர்தான். பிரிட்டனிலேயே காட்டுப் பியோனி பூக்கும் இடம் என்று பேர் வாங்கியது அதுதான்! ஒற்றைப் பூ. முதல் பதிவு 1803. மருந்துக்காக மத்தியகாலத் துறவிகள் கொண்டுவந்து நட்டிருக்கலாம் என்கிறார்கள். துறவிகள் போய்ப் பல நூற்றாண்டு ஆயிற்று. பூ போகவில்லை!

ஜார்ஜியா நாட்டின் லகோடேகி காட்டில் மஞ்சள் பியோனி ஒன்று உண்டு. ஒற்றைப் பூ. போலந்துக்காரர் லுட்விக் மிலோகோசியெவிச் பெயரைத்தான் அதற்குச் சூட்டினார்கள். தாவரவியல் பெயரைச் சொல்ல நாக்கு சுளுக்கிக்கொள்ளும். இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் பார்த்தார்கள். சுருக்கி 'மோலி த விட்ச்' ஆக்கிவிட்டார்கள்! அவர் பாதுகாக்கப் பாடுபட்ட காடு 1912-இல் காப்பகமானது.

அந்த மஞ்சள் பியோனியின் காய் வெடிக்கும்போது பார்க்க வேண்டும். உள்ளே பளீரென்று சிவப்பு விதை, பக்கத்திலேயே கருநீல விதை! சிவப்பு மினுக்குவதற்கு மட்டும், முளைக்காது. கருநீலம்தான் உயிருள்ளது. பூ ஒருமுறை அழகு, காய் மறுமுறை அழகு! முழு அடுக்குப் பூக்களில் பலவற்றுக்கு இந்தக் கொடுப்பினையே இல்லை.

வட அமெரிக்காவுக்கென்று சொந்தமான காட்டுப் பியோனி 2 தான்! இரண்டும் தலைகுனிந்து பூக்கும். மீதி எல்லாம் ஐரோப்பா, ஆசியா, வட ஆப்பிரிக்காவின் ஓரம்.

இந்தியாவுக்கும் ஒன்று உண்டு! மேற்கு இமயமலைச் சரிவுகளில் வெள்ளை ஒற்றைப் பியோனி பூக்கிறது. காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் எல்லாம் அதன் வீடு. ஒரே தண்டில் இரண்டு மூன்று பூ! அறிவியல் உலகுக்கு அதை எழுதிக் காட்டிய ராய்ல், சஹாரன்பூர் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். யுனானி மருத்துவர்கள் பியோனி வேரை 'ஊத் சலீப்' என்பார்கள்.

'கிரிங்கிள்டு ஒயிட்' பூவின் முப்பாட்டன் யார் தெரியுமா? சைபீரியாவிலும் வட சீனாவிலும் புல்வெளியில் பூத்த வெள்ளைக் காட்டுப் பூ. 1776-இல் பல்லாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அதற்குத் தாவரவியல் பெயர் வைத்தார். அந்தப் பக்கத்து மக்கள் அதன் கிழங்கைச் சூப்பில் போட்டு வேகவைத்துச் சாப்பிட்டார்கள்! விதையை இடித்துத் தேநீரில் போட்டார்கள்!

ஜப்பானில் இன்றும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் ஒரு மருந்து கொடுப்பார்கள். அதில் இரண்டே சரக்கு. அதிமதுரமும் பியோனி வேரும்!

ரோமானியர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எச்சரிக்கை விடுத்தார். பியோனியை ராத்திரியில்தான் தோண்ட வேண்டுமாம். பகலில் தோண்டினால் மரங்கொத்தி பார்த்துவிடும். பறந்து வந்து உங்கள் கண்ணைக் கொத்திவிடும்!

அடுத்து என் கைச்சரக்கிலேயே உசத்தியான சங்கதி. இது ஒற்றைப் பூ அல்ல, ஆனால் விடவே மனசு வரவில்லை. 11-ஆம் நூற்றாண்டுச் சீனா. யாங்சௌ நகரம். ஆளுநர் ஹான் சி-யின் தோட்டத்தில் ஒரே தண்டு நாலாகக் கிளைத்து, நாலு பியோனி பூத்தது. மேலே சிவப்பு, கீழே சிவப்பு, நடுவில் மட்டும் மஞ்சள் மகரந்தத்தாள்கள் இடுப்பு ஒட்டியாணமாக! நாலு பூவுக்குத் தன்னோடு சேர்த்து நாலு பேர் வேண்டும் என்றார் ஆளுநர். வாங் குய், வாங் அன்ஷி இருவரும் அதே ஊரில் உத்தியோகம், வந்துவிட்டார்கள். நாலாவதாக ஒரு படை அதிகாரியை அழைத்தார். விடிந்ததும் அவரிடமிருந்து சீட்டு வந்தது. வயிற்றுப்போக்கு, வர இயலாது! அவசர அவசரமாக ஊர் வழியே போய்க்கொண்டிருந்த பயணிகளின் பட்டியலைப் புரட்டினார்கள். சென் ஷெங்ச்சி என்ற சின்ன அதிகாரி அகப்பட்டார். அவரை உட்கார வைத்தார்கள். விருந்தின் நடுவே நாலு பூவையும் நறுக்கி ஆளுக்கொன்று தலையில் சூடிக்கொண்டார்கள். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அடுத்த 30 வருடத்துக்குள் நாலு பேருமே பேரரசின் முதலமைச்சர் ஆனார்கள்! ஷென் குவோ என்ற அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். வழியில் போன சென் உட்பட! வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்த அதிகாரியின் பெயர் ஷென் குவோவுக்கே மறந்துபோயிற்று!

அதே யாங்சௌ பியோனிகளைப் பற்றி வாங் குவான் 1075-இல் ஒரு நூலே எழுதினார். அதில் 39 ரகங்கள்! கிட்டத்தட்ட 950 வருடத்துக்கு முன் போட்ட நர்சரிப் பட்டியல்!

சீனாவின் பழைய 'ஷிஜிங்' பாடல் தொகுப்பில் காதலர்கள் கொடுத்துக்கொள்ளும் பூ எது? பியோனிதான்! 2,500 வருடப் பழக்கம்!

அன்ஹுய் மாகாணத்தில் இன்னொரு வெள்ளை ஒற்றை இருக்கிறது. 'ஃபெங் தான்'. புதர் மாதிரி மரத்தண்டு விட்டு வளரும் பியோனி. வேர்ப்பட்டையை மருந்துக்காகவே காலங்காலமாகப் பயிரிட்டார்கள். இப்போது விதையை ஆட்டி எண்ணெய் எடுக்கிறார்கள்! 2011-இல் சீன அரசு பியோனி விதை எண்ணெயைச் சமையலுக்கு அனுமதித்தது. அதில் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் 40 சதவீதத்துக்கும் மேல்!

அந்த வகைப் பியோனிக்கு ஒரு இத்தாலியரின் பெயர். ஜான் லூப்போ ஓஸ்டி. பூக்கடைக்காரரா? இல்லை. தாவரவியல் பேராசிரியரா? அதுவும் இல்லை. எஃகுத் தொழில் நிர்வாகி! உலையையும் பார்த்தார், பியோனியையும் வளர்த்தார்!

விஞ்ஞானிகள் 2023-இல் 'ஃபெங் தான்' பூவின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். குரோமோசோம் வெறும் 5 ஜோடி. நமக்கு 23 ஜோடி. பூவுடையது சிறியது என்று நினைத்தீர்களா? மனிதனின் மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். இந்த ஒற்றைப் பூவில் 1,200 கோடிக்கும் மேல்!